பாதியில் நின்ற பேய்க்கதை

மின்நூல் கருவி விற்கும் தணிகாசலத்தின் சந்தையில் பாதியைப் போட்டிக் கம்பெனி பிடித்துவிட்டது. அவர்கள் கருவியில் வைஃபை உண்டு, இவருடையதில் இல்லை.

"வைஃபை வெட்டிச் செலவு. அது இல்லாமலே விற்றுக் காட்டு, இல்லாவிட்டால் வேலையை விடு" என்று விற்பனைப் பெண் பூவிழியை விரட்டினார்.

"முதல்ல நீங்களே இதுல ஒரு கதை படிங்க சார்" என்று கருவியைக் கொடுத்தாள் அவள்.

தன் கோத்தகிரி பங்களாவில், மூடுபனி சூழ்ந்த மத்தியானம், தனியாக உட்கார்ந்து படித்தார். கதையிலும் மூடுபனி, தனி பங்களா. படிப்பவனுக்குப் பின்னால் ஈரக் காலடி நெருங்கியது; ஒரு கை அவன் தோளை நோக்கி நீண்டது. அத்தோடு பக்கங்கள் தீர்ந்தன.

பிடரி சில்லிட, திரும்பிப் பார்க்கவும் பயந்து, போனில் பூவிழியிடம் கத்தினார்: "மீதிக் கதை எங்கே?"

"வைஃபை இருந்தா இப்பவே அனுப்பிடுவேன் சார். இல்லையே! கேபிளோட நாளைக்கு வர்றேன். அதுவரைக்கும் பின்னால நிக்கிறவரைக் காத்திருக்கச் சொல்லுங்க."

முதுகுப் பக்கம் கதவு கிறீச்சிட்டது.

"எல்லாக் கருவியிலும் வைஃபை வச்சிடலாம்மா!" என்று அலறினார் தணிகாசலம்.