ஐம்பத்தெட்டு வேகன்

சீடருக்கு வயது ஐம்பத்து நான்கு. குருவுக்கு இருபத்தொன்பது. பெற்ற தகப்பனுக்கே உபதேசம் செய்த சாமி நம்மிடம் இருக்கிறார் என்பதால் இதில் வியக்க ஒன்றுமில்லை.

சீடரின் பெயர் தனகோட்டி. ஜோலார்பேட்டையில் சரக்கு ரயில் ஓட்டுகிறவர். குருவின் பெயர் நஸ்ரின். எட்டு வருடம் பைக் பந்தயங்களில் ஓட்டிவிட்டு, இப்போது பெரிய பைக்குகளை ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர்.

யுத்த காலத்தில் அவசரமாகப் போட்டு, யுத்தம் முடிந்ததும் அதைவிட அவசரமாக மறந்துபோன விமான ஓடுதளம் ஒன்று ஊருக்கு வெளியே கிடந்தது. பாடம் அங்கேதான். ஒரு தகரக் கொட்டகை, ஒரு தண்ணீர் டிரம், நாலு வேப்பமரம். மாணவர்கள் அதை ஆசிரமம் என்று கேலியாகச் சொல்லிச் சொல்லி, கேலி உதிர்ந்து பெயர் மட்டும் தங்கிவிட்டது.

தனகோட்டி ஒரு ரெஸ்ட் நாள் காலையில் அங்கே வந்து நின்றார். ஆறாயிரம் குதிரைசக்தி எஞ்சினை அன்றாடம் ஓட்டுகிற மனிதர், கொட்டகையில் நின்ற இருநூறு குதிரைசக்தி வண்டியைப் பார்த்ததும் கைகட்டிக்கொண்டார்.

“மேடம், இந்த மாதிரி ஒரு சூப்பர்பைக் வாங்கலாமான்னு ஒரு யோசனை. வாங்கலாமா, வேண்டாமா?”

“வீட்ல என்ன சொல்றாங்க?”

“வாங்கறதுன்னா வாங்குங்க, இல்லன்னா விடுங்க, நடுவுல நின்னுக்கிட்டு என் உயிரை வாங்காதீங்கன்னு சொல்லிட்டா.”

“சரியாத்தானே சொல்லியிருக்காங்க.”

“அதான் மேடம் பிரச்சினை. வேண்டாம்னு சொல்லியிருந்தா விட்டிருப்பேன்.”

மனைவி சுலோச்சனாவிடம் மட்டுமா கேட்டார்? அவர் கேட்காத ஆளே பாக்கியில்லை. ரயில் ஷெட்டில் பத்துப் பேர் பத்து விதமாகச் சொன்னார்கள். ஜோசியர் ஆறு மாதம் பொறுக்கச் சொன்னார். டாக்டர் முதுகெலும்பை வலிக்க வலிக்கத் தட்டிப் பார்த்துவிட்டு, எழுதிக் கொடுத்த தைலத்தைத் தேய்க்கச் சொன்னார். மச்சான் கார் வாங்கச் சொன்னார், அதிலும் தனக்குப் பிடித்த காரை. கேட்கக் கேட்க மனிதருக்குக் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை.

“எதுக்கு சார் இந்த வண்டி உங்களுக்கு?” என்று கேட்டார் நஸ்ரின்.

அதை மட்டும் யாரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை.

“முப்பத்தோரு வருஷமா கூட்ஸ் வண்டி மேடம். பின்னாடி எக்ஸ்பிரஸ் வருதுன்னா எங்களை லூப் லைன்ல ஓரங்கட்டிடுவாங்க. அது போற வரைக்கும் சிவப்பு சிக்னலைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருக்கணும். அது போச்சுன்னா இன்னொண்ணு வரும். எல்லாரும் என்னைத் தாண்டித்தான் போயிருக்காங்க. ஜன்னல்ல இருக்கற குழந்தைங்க எனக்கு டாட்டா காட்டிட்டுப் போகும். நான் இதுவரைக்கும் ஒண்ணையும் தாண்டினதில்ல.”

சொல்லி முடித்ததும் அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது. ஐம்பத்து நாலு வயதில் பேசுகிற பேச்சா இது என்று தரையைப் பார்த்தார்.

நஸ்ரின் சிரிக்கவில்லை. “முதல்ல ஓட்டக் கத்துக்குங்க” என்றார்.

மூன்று மாதம் கற்றார். கியர், வளைவு, எதிர்க்காற்று எல்லாம் படிந்தன. கை சுத்தம், கண் சுத்தம். ஒருநாளும் பதற்றமில்லை. ரயிலில் எதிரே தெரியும் சிக்னலை உரக்கச் சொல்லிச் சொல்லிப் பழகியதால், ஹெல்மெட்டுக்குள்ளும் ஏதோ முனகிக்கொண்டேதான் ஓட்டினார். நாலாவது மாதம் முதல் நாள், தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார்.

“இப்ப சொல்லுங்க மேடம். வாங்கலாமா?”

நஸ்ரின் பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்தார். ஓடுதளத்தின் நடுவே போய் அதை வைத்துவிட்டு வந்தார்.

“நூறு கிலோமீட்டர் வேகத்துல வாங்க. முன் டயர் அந்தப் பழத்தைத் தொட்டு நிக்கணும். பழம் நசுங்கக் கூடாது. நிறுத்திட்டு வந்து கேளுங்க, பதில் சொல்றேன்.”

நம் ஊரில் புது வண்டி வாங்கினால் பழத்தைச் சக்கரத்தில் வைத்து நசுக்குவோம். இந்த ஆசிரமத்தில் எல்லாமே தலைகீழ்.

பழத்துக்கு வரும் வழியில், ஓடுதளத்தின் ஓரமாக இடைவெளி விட்டு மூன்று கம்புகள் நட்டு சிவப்புத் துணி கட்டியிருந்தது. நஸ்ரின் ஒருமுறை ஓட்டிக் காட்டினார். முதல் கம்பு போயிற்று, இரண்டாவது போயிற்று, மூன்றாவதும் பின்னால் போன பிறகுதான் பிரேக் பிடித்தார். வண்டி மூக்கைத் தாழ்த்தி, முனகி, பழத்தில் டயர் ஒட்ட நின்றது.

மற்ற மாணவர்கள் எல்லாரும் பழத்தை நசுக்கினார்கள். அவர்களுக்கு இருபத்தைந்து வயது, பிரேக்கைப் பற்றி நினைப்பு வருவதற்குள் பழம் போய்விடும். பத்து மணிக்கெல்லாம் ஓடுதளத்தில் ஜூஸ் கடை வாசனை அடித்தது.

தனகோட்டி நசுக்கவில்லை. முதல் கம்பு வருவதற்கு முன்பே பிரேக் பிடித்தார். வண்டி மெல்ல மெல்லத் தணிந்து, தொட்டில் நிற்பதுபோல அசங்காமல் நின்றது. பழம் எங்கோ தூரத்தில் மஞ்சள் புள்ளியாகத் தெரிந்தது.

“சார், பழம் அடுத்த ஸ்டேஷன்ல இருக்கு” என்றான் ஒருவன்.

அவரும் சேர்ந்து சிரித்தார். மறுபடி ஓட்டினார். மறுபடியும் முதல் கம்புக்கு முன்பே கை பிரேக்குக்குப் போய்விட்டது.

ஐந்து வாரம் இதே கதை. இந்த முறை பிடிக்கக் கூடாது, பிடிக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே வருவார். கம்பு கண்ணில் பட்டதும் விரல் தானாக மடங்கும். நசுக்கிக்கொண்டிருந்த பையன்கள்கூட ஒவ்வொருவராகத் தேறிவிட்டார்கள். இவர் பழத்தின் பக்கத்தில்கூடப் போகவில்லை. வீட்டுக்குப் போனால் சோறு இறங்கவில்லை. எல்லாரும் சொன்னது சரிதானோ, நமக்கு எதற்கு இந்த வண்டி, பேசாமல் விட்டுவிடலாம் என்று முதல் தடவையாக உண்மையாகவே நினைத்தார். அந்த நினைப்பு அவரை மிகவும் வருத்தியது.

ஆறாவது வாரம் ஹெல்மெட்டைக் கழற்றி வண்டியின் மேல் வைத்தார்.

“முடியல மேடம். விட்டுடலாம்னு இருக்கேன்.”

“ஏன் சார் அவ்வளவு சீக்கிரம் பிரேக் பிடிக்கிறீங்க?”

“பின்னாடி லோடு வருதில்ல? முன்னாடியே பிடிக்கலன்னா தள்ளிக்கிட்டுப் போயிடும்.”

“எந்த லோடு?”

பின்னால் காட்டப் போன தனகோட்டியின் கை பாதியில் நின்றது.

“எத்தனை வேகன்?” என்றார் நஸ்ரின்.

“ஐம்பத்தெட்டு.”

“நிலக்கரியா?”

“பெரும்பாலும்.”

“போய்ப் பாத்துட்டு வாங்க.”

“எங்க மேடம்?”

“பின்னாடிதான். கடைசியில இருக்கற கார்டு வண்டி வரைக்கும் நடந்து போய் எல்லாம் சரியா மாட்டியிருக்கான்னு பாத்துட்டு வாங்க.”

இந்தப் பெண் கேலி செய்கிறாளோ என்று தனகோட்டி நஸ்ரினின் முகத்தைப் பார்த்தார். அதில் கேலி இல்லை. குருவென்று ஒருவரை ஏற்றுக்கொண்டாயிற்று, இனி என்ன செய்வது? நடந்தார்.

வண்டியின் பின் சக்கரத்திலிருந்து ஒவ்வொரு வேகனாக எண்ணிக்கொண்டே போனார். ஒரு வேகனுக்குப் பதினைந்து எட்டு. ரயில் நடுவழியில் நின்றால் இப்படித்தான் ஓரமாக நடந்து பார்ப்பது, கால் தானாக அந்தக் கணக்குக்கு வந்துவிட்டது. பத்தாவது வேகனில் வெயில் உறைத்தது. இருபதாவதில் சட்டை நனைந்தது. முப்பதாவதில், நடுவயதில் வந்த அப்பாவின் நோயும், தங்கச்சி கல்யாணமும், பிள்ளைகளின் படிப்பும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. எல்லாமே எப்போதோ போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தவை. ஒன்றையும் அவர் நடுவழியில் விட்டதில்லை. ஐம்பத்தெட்டாவது வேகன் முடிகிற இடத்தில் நின்று திரும்பினார்.

முன்னால் வெறும் ஓடுதளம். வெள்ளை வெளேரென்று, நீளமாக, யாருமில்லாமல் கிடந்தது. அதன் அந்தக் கோடியில் சின்னதாக ஒரு வண்டி.

தனகோட்டிக்குக் கண் கலங்கியது. சுற்றிலும் யாரும் இல்லாததால் துடைக்காமல் விட்டார்.

திரும்பி வர நேரமாயிற்று. நஸ்ரின் டிரம்மிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு கொடுத்தார்.

“என்ன சார் இருந்துச்சு?”

“ஒண்ணும் இல்ல மேடம். கார்டு வண்டி இருக்க வேண்டிய இடத்துல ஒரு ஓணான் இருந்துச்சு.”

“அது தள்ளுமா?”

“தள்ளாது.”

“அப்ப போங்க.”

அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஓடுதளத்தின் கோடிக்குப் போனார். மாணவர்கள் வேப்பமரத்தடியில் எழுந்து நின்றார்கள்.

வண்டி கிளம்பியது. இரண்டாவது கியர், மூன்றாவது கியர். காற்று மார்பில் அறைந்தது. இந்தத் தடவை ஹெல்மெட்டுக்குள் முனகல் இல்லை. முதல் கம்பு வந்தது, விரல் துடித்தது, அடக்கினார். கம்பு சிவப்பாகப் பக்கத்தில் கோடு இழுத்துவிட்டுப் போனது. இரண்டாவது வந்தது. முதுகுக்குப் பின்னால் காற்றைத் தவிர ஒன்றுமில்லை என்பது அவருக்கு முதுகிலேயே தெரிந்தது. அப்படி ஒரு லேசு. சின்ன வயதில் ஏரிக்கரை இறக்கத்தில் சைக்கிளை விட்டதற்குப் பிறகு அப்படி இருந்ததில்லை. பழம் பெரிதாகிக்கொண்டே வந்தது. மூன்றாவது கம்பும் பின்னால் போனது.

அப்போதுதான் பிடித்தார். முப்பத்தோரு வருடம் பாரத்தை நிறுத்திப் பழகிய கை அது. எவ்வளவு அழுத்த வேண்டுமோ அவ்வளவு அழுத்தியது, எப்போது தளர வேண்டுமோ அப்போது தளர்ந்தது. வண்டி மூக்கைத் தாழ்த்தியது, உறுமல் இறங்கியது, நின்றது.

பழம் டயரில் ஒட்டி, அரை சுற்று உருண்டு, மறுபடி வந்து டயரில் சாய்ந்துகொண்டது.

மரத்தடியில் விசில் கிளம்பியது. ஸ்டேஷன் கேலி பேசிய பையன் ஓடிவந்து குனிந்து பழத்தை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கீறல் இல்லை. அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொட்டகையைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓடினான். யாரோ தனகோட்டியின் முதுகில் ஓங்கித் தட்டினார்கள். தட்டியவர் டாக்டர் இல்லை, அதனால் வலிக்கவில்லை.

அவர் நேராகக் குருவிடம் வந்தார். முகம் முழுக்க வியர்வை, வாய் முழுக்கச் சிரிப்பு.

“நிறுத்திட்டேன் மேடம். சொன்ன சொல்லைக் காப்பாத்துங்க. வாங்கலாமா?”

நஸ்ரின் மூன்றாவது கம்பைத் திரும்பிப் பார்த்தார்.

“மூணாவது கம்பு தாண்டற வரைக்கும் பிரேக் பிடிக்காம வந்தீங்களே சார்.”

“ஆமா மேடம்.”

“யாரைக் கேட்டு?”

பிறந்ததிலிருந்து தனகோட்டி இந்தக் கேள்வியைத் திட்டாகத்தான் கேட்டிருக்கிறார். பள்ளிக்கூடத்தில், வீட்டில், கண்ட்ரோல் ரூம் போனில். ஒவ்வொரு தடவையும் தலை குனிந்திருக்கிறார். இன்று குனியவில்லை. ஓடுதளத்தைத் திரும்பி ஒருமுறை பார்த்தார், குருவுக்கு ஒரு கும்பிடு போட்டார், பஸ் பிடித்து நேராக ஷோரூமுக்குப் போனார்.