செம்பியின் இறுகிய கன்னம்

காட்டுக் குளத்தில் செம்பி என்ற குரங்கு தண்ணீர் குடிக்கக் குனிந்தது. கரையில் நின்ற கொக்கு அதன் முகத்தை உற்றுப் பார்த்தது.

"ஏன் அக்கா, முகத்தை மடித்து வைத்துவிட்டு விரிக்க மறந்துவிட்டாயா?"

சொல்லிவிட்டுக் கொக்கு மீன் தேடப் போய்விட்டது. செம்பிக்கு அன்று முழுவதும் சாப்பாடே இறங்கவில்லை.

மறுநாள் அது தையல்சிட்டைத் தேடிப் போனது. இலைகளைச் சிலந்தி நூலால் தைத்துக் கூடு கட்டும் அந்தக் குருவிதான் காட்டு விலங்குகளின் காயங்களுக்கும் தையல் போடும் வைத்தியர்.

"வைத்தியரே, என் முகத்தை இழுத்துத் தைத்துவிடுங்கள்!"

"தைக்கலாம். முதலில் முழுவதையும் கேட்டுக்கொள். காதோரம் கொஞ்சம் தோலை என் உதவியாள் நண்டு தன் கொடுக்கால் நறுக்கி எடுக்கும். தொங்கும் தோலை இழுத்து நான் தைப்பேன். பத்து நாள் முகம் பலாப்பழமாக வீங்கும். நீலம் பாரிக்கும். தலையை உயர்த்தி வைத்துத்தான் தூங்க வேண்டும். கொட்டை கடிக்கக் கூடாது. வாய்விட்டுச் சிரிக்கவும் கூடாது."

"சரி, சரி!"

"அப்புறமும் நீ குட்டியாகிவிட மாட்டாய். கழுத்து பழைய கழுத்துதான். சில வருஷத்தில் கன்னம் மறுபடி தொங்கும்."

"தொங்கும்போது பார்த்துக்கொள்ளலாம்! சீக்கிரம் ஆகட்டும்!"

"கடைசியாக ஒன்று. இந்தத் தளர்ந்த கன்னத்தால் உனக்கு ஏதாவது வேலை ஆகிறதா?"

குருவிக்குக் குரங்குகள் சாப்பிடும் விதம் தெரியாது. உண்மையைச் சொன்னால் மறுத்துவிடுமோ என்று செம்பி பயந்தது.

"ஒரு வேலையும் இல்லை! சும்மா தொங்குகிறது!"

நண்டு நறுக்கியது. குருவி தைத்தது. முகம் வீங்கியது, நீலம் பாரித்தது, வடிந்தது. ஒரு மாதம் கழித்துச் செம்பி குளக்கரைக்கு வந்தபோது கொக்கு கழுத்தை நீட்டியது.

"யாரம்மா நீ? ஊருக்குப் புதுசா?"

செம்பிக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை.

அந்த வாரமே நாவல் மரம் பழங்களை உதிர்த்தது. அதன் அருகே புதரில் ஒரு சிறுத்தை உண்டு. அதனால் குரங்குகள் அங்கே உட்கார்ந்து தின்பதில்லை. கன்னத்துப் பை நிறையப் பழங்களை அடைத்துக்கொண்டு, ஓடிப்போய் மரத்தில் ஏறி, அங்கே நிதானமாகத் தின்னும்.

எல்லாக் குரங்குகளும் இறங்கின. அள்ளின. அடைத்தன. ஏறின. செம்பியின் வாயிலோ இரண்டு பழத்துக்குமேல் இடமில்லை! மூன்றாவது பிதுங்கி விழுந்தது.

"அக்கா, ஏறி வா!" என்று மேலிருந்து தங்கை காரி கத்தியது.

"பசிக்குதடி! இரண்டு தின்றுவிட்டு வருகிறேன்!"

புதர் அசைந்தது. சிறுத்தை பாய்ந்தது. செம்பி தாவிய வேகத்தில் உயிர் தப்பியது. வாலின் நுனி மட்டும் சிறுத்தையின் வாயோடு போயிற்று.

செம்பி நேரே குருவியிடம் ஓடியது.

"வைத்தியரே, தையலைப் பிரித்துவிடுங்கள்! பழம் அடைக்கக் கன்னத்தில் இடமே இல்லை!"

"தையலை எடுத்து நாளாயிற்றே! நறுக்கிய தோலுக்கு நான் எங்கே போவேன்? அன்றைக்கே சொல்லியிருந்தால் ஊசியையே எடுத்திருக்க மாட்டேன். கன்னம் தானாகத் தொங்கும்வரை பொறுத்திரு."

இப்போது செம்பி தினமும் காலையில் குளத்தில் முகம் பார்க்கிறது.

"கொக்குத் தம்பி, நன்றாகப் பார்த்துச் சொல்! ஒரு சுருக்கமாவது விழுந்திருக்கிறதா?"

உடம்பில் ஒன்றை மாற்றிக்கொள்ள நினைப்பவர் வைத்தியர் சொல்வதை முழுக்கக் கேட்கவும் வேண்டும், அவர் கேட்பதற்கு உண்மையைச் சொல்லவும் வேண்டும்.