யாரும் இறங்கச் சொல்லவில்லை

“பொய் சொல்கிறார்கள் அம்மா. ஒருத்தர் பாக்கியில்லாமல் பொய் சொல்கிறார்கள்,” என்றார் சிவக்கொழுந்து, மடத்து வாசலில் செருப்பை உதறிக் கழற்றியபடி.

வேதவல்லியம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். குரு அவள்தான். சீடருக்கு அவளைவிடப் பத்து வயது கூடுதல். கோபமும் கூடுதல்.

விஷயம் இதுதான். தொழுநோய் குணமானவர்கள் மேட்டுக் குடியிருப்பில் இருக்கிறார்கள். அங்கே அன்னபாக்கியத்துக்கு இரண்டு கண்ணும் மங்கிக்கொண்டே வருகிறது. கண்ணாஸ்பத்திரியோ டவுனில். குடியிருப்புக்கென்று தனி வண்டி விடலாம், ஆனால் பஸ்ஸில் இவர்களை அவமானப்படுத்துகிறார்கள் என்பதற்கு அவர்களையே கேட்டு ஆதாரம் கொண்டு வாருங்கள் என்றுவிட்டார் அதிகாரி.

சிவக்கொழுந்தும் வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கினார். போன வருஷத்தில் யாராவது உங்களைப் பஸ்ஸைவிட்டு இறங்கச் சொன்னார்களா என்று கேட்டார். எல்லோரும் இல்லை என்றார்கள். அன்னபாக்கியமும் இல்லை என்றாள், அதுவும் சிரித்துக்கொண்டே.

“கண் போகப்போகிறது, வாயைத் திறந்து சொன்னால் என்ன? இவர்களை வைத்துக்கொண்டு நான் என்னதான் செய்வது?”

என்ன கேட்டீர்கள் என்று அம்மாள் விசாரித்தாள். சொன்னார். மறுபடி சொல்லச் சொன்னாள். சொன்னார். இன்னொரு தரம் என்றாள். அவருக்குப் பொறுமை போய்விட்டது, கத்தியே விட்டார்.

“எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. நீங்க கேட்டதுக்கு அவங்க சரியாத்தான் பதில் சொல்லியிருக்காங்க.”

சலிப்போடு எழுந்து வந்தாள். குனிந்து, அவருடைய செருப்பைத் தன் கையாலேயே எடுத்துத் தெருப்பக்கமாகத் திருப்பி வைத்தாள். அவருக்கு உடம்பே கூசிப்போயிற்று.

“கடைசியா எப்ப பஸ் ஏறினீங்கன்னு கேட்டுட்டு வாங்க.”

இதற்கு ஒரு நடையா என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு போனார்.

வாசலில் குரல் கேட்டதுமே அன்னபாக்கியம் அவரை அடையாளம் கண்டுகொண்டாள். மறுபடியுமா சார் என்று சிரித்தாள்.

அவர் கேட்டார்.

அவள் விரல் மழுங்கிய கையால் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு யோசித்தாள்.

“தங்கச்சி மக கல்யாணத்துக்குப் போக ஏறினேன். பாதி வழியில இறக்கிவிட்டுட்டாங்க. அதுக்கப்புறம் ஏறல.”

“அது எப்போது?”

“அது ஆச்சு சார். போன மாசம் அந்தப் பொண்ணு தன் பேத்திக்குக் காது குத்தினாளாம்.”