பிரிந்த களிம்பு

அந்தக் களிம்புக்காக சேவுகப்பெருமாள் ஆறு வருடம் உழைத்திருந்தான். மருந்துக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, முப்பத்தெட்டு வயதில் ஆராய்ச்சிக்கு வந்தவன்.

சொரியாசிஸ் வந்து தடித்துப்போன தோலுக்குள் சாதாரணக் களிம்பு சரியாக இறங்குவதில்லை. அவன் மருந்தை நானோ துகள்களில் ஏற்றினான். ஒரு தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒவ்வொரு துகளும். அவை இறங்கின.

முப்பத்திரண்டு பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இருபத்தெட்டு பேருக்குச் செதில் உதிர்ந்து தோல் மிருதுவானது. மூன்று பேருக்குப் பாதி குணம். ஒரு பெண் மட்டும் நடுவிலேயே நின்றுவிட்டாள். சீனியம்மாள். வளையல் கடையில் வேலை பார்த்தவள். அவளுக்கு உள்ளங்கையிலும் விரல்களிலும் படை.

அறிக்கையோடு சேவுகன் தன் வழிகாட்டியிடம் போனான். டாக்டர் ஹெப்சிபா அவனைவிட நாலு வயது இளையவர். அதிகம் பேசமாட்டார்.

"மேடம், சீனியம்மாளைக் கணக்குல இருந்து எடுத்துடலாமா?"

"ஏன்?"

"சொன்னபடி செய்யலை. ஃப்ரிட்ஜ்ல வைங்கன்னேன், வைக்கலை. நாலாவது வாரம் டியூபைக் கொண்டுவந்து காட்டினாங்க. தண்ணி தனி, களிம்பு தனின்னு பிரிஞ்சு கிடந்துச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இப்படி வீணாக்கிட்டீங்களேம்மான்னு கேட்டேன்."

"அவங்க?"

"தப்புதான் சார்னாங்க. அதுக்கப்புறம் வரலை."

ஹெப்சிபா எழுந்துபோய்க் குளிர்பெட்டியிலிருந்து புது டியூப் ஒன்றை எடுத்து அவன் கையில் வைத்தார்.

"ஒரு வாரம் வீட்டுல வெச்சிருந்து கொண்டு வாங்க. களிம்பு பிரியக் கூடாது. ஆனா உங்க ஃப்ரிட்ஜ்ல வைக்கக் கூடாது."

அன்றைக்கு அதை மண்பானைத் தண்ணீரில் வைத்தான். வெப்பமானி இருபத்தாறு டிகிரி காட்டியது. அந்தக் குளிர்ச்சி போதாது. மறுநாள் காலையில் மாடி வீட்டுக் கதவைத் தட்டினான்.

"அக்கா, ஒரு மருந்து. ஒரு வாரம் உங்க ஃப்ரிட்ஜ்ல வெச்சுக்கலாமா?"

"என்ன நோய்க்கு தம்பி?"

"தோல்ல வர்ற படைக்கு."

அந்த அம்மாள் டியூபை வாங்கவில்லை. "பால், மாவெல்லாம் உள்ளே இருக்கே. தொத்திக்கிடாதே?"

"தொத்தாதுக்கா."

இரண்டு விரலால் பிடித்து வாங்கிக்கொண்டார்.

நாலாம் நாள் மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போனபோது டியூபைப் பார்த்தான். பிளாஸ்டிக் பையில் சுற்றி, கைப்பிடிச் சுவரின் மேல், வெயிலில் வைத்திருந்தார்கள். மூடியைத் திறந்து அமுக்கினான். முதலில் தண்ணீர் வந்தது. பிறகு மஞ்சள் கட்டி.

பின்னாலேயே வந்த அந்த அம்மாள் தயங்கினார். "மாமியார் சாப்பிடவே மாட்டேன்னுட்டாங்க தம்பி. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான்..."

"பரவாயில்லக்கா."

அன்று சாயங்காலமே நோயாளிகள் பட்டியலில் முகவரி பார்த்து சீனியம்மாள் வீட்டுக்குப் போனான். ஒற்றை அறை. வேறு யாரோ குடியிருந்தார்கள். அங்கிருந்து வளையல் கடைக்கு நடந்தான்.

"அவ போயி மூணு மாசமாச்சு" என்றார் கடைக்காரர். "கையைப் பார்த்துட்டு யாரும் வளையல் போட்டுக்க மாட்டேன்னுட்டாங்க. நான் என்ன சார் செய்ய? மகளோட திருப்பூர்ப் பக்கம் போயிட்டா."

"போன் நம்பர் இருக்கா?"

கொடுத்தார். அது உபயோகத்தில் இல்லை. மூன்று முறை அடித்துப் பார்த்தான்.

மறுநாள் பிரிந்துபோன டியூபை ஹெப்சிபாவின் மேஜையில் வைத்தான். நடந்ததைச் சொன்னான். அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு உங்ககிட்ட ஒண்ணை மறைச்சுட்டேன் மேடம்."

"சொல்லுங்க."

"சீனியம்மாள் போகும்போது வாசல்ல நின்னு கேட்டாங்க. 'சார், டியூப் இங்கயே இருக்கட்டும். தினமும் வேலை முடிஞ்சு வந்து நானே பூசிக்கிட்டுப் போகட்டுமா'ன்னு." அவன் குரல் இறங்கியது. "அதுக்கெல்லாம் விதி இடம் கொடுக்காதும்மான்னுட்டேன். எந்த விதின்னு எனக்கே தெரியாது."

ஹெப்சிபா டியூபைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கணக்குல இருந்து எடுக்கலை மேடம். முப்பத்திரண்டு பேருன்னே இருக்கட்டும். ஆனா விலகிய காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன எழுதட்டும்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொள்ளவில்லை.

"நோயாளிகள் சேர்க்கைப் படிவத்தோட முதல் வரைவுல, 'வீட்டில் ஃப்ரிட்ஜ் உண்டா'ன்னு ஒரு கேள்வி இருந்துச்சு சேவுகன். ரெண்டாம் பக்கத்துக்குப் போகுதேன்னு நான்தான் அந்த வரியை எடுத்துட்டேன். அதை எழுதுங்க."