கஜேந்திரனின் முதல் ஆணி

குன்னூரில் மரவீடு கட்டப் புறப்பட்ட எஸ்டேட் முதலாளி கஜேந்திரன், காற்றழுத்தத்தில் ஆணி அடிக்கும் துப்பாக்கி வாங்கத் தச்சர் மாதையனோடு கடைக்குப் போனார். இருப்பதிலேயே பெரியதைக் காட்டி, "இதுதான் நமக்கு" என்றார்.

"கனமுங்க. கூரை வேலைக்கு நாளெல்லாம் தலைக்கு மேல தூக்கணும், தோள் போயிடும். அந்தச் சின்னதும் இதே ஆணியைத்தானுங்க அடிக்குது" என்றார் மாதையன்.

"சோம்பேறித்தனம்! முடியாட்டி வேற ஆள் பார்த்துக்கறேன்."

மாதையன் தலையாட்டினார். "சரிங்க. ஆனா முதல் ஆணி வீட்டுக்காரர் கையாலதான் அடிக்கணும். ஒருதரம் தூக்கிப் பழகிக்குங்க."

முதலாளி பெருமையாகத் தலைக்கு மேல் தூக்கினார்.

"அப்படியே இருங்க. பூசாரி இப்பத்தான் சாம்பிராணி போடறார்னு வச்சுக்குங்க. இனி மந்திரம், அப்புறம் தேங்காய். நடுவுல இறக்கினா அபசகுனமுங்க."

கடைக்காரர் சிரிப்பை விழுங்கினார். முதலாளி இன்னொரு கையையும் அடியில் முட்டுக் கொடுத்தார். "சீக்கிரம் தேங்காயை உடைய்யா!"

"மந்திரமே முடியலீங்களே."

கஜேந்திரன் அதைப் பொத்தென்று மேசையில் வைத்தார். "அந்தச் சின்னதையே கட்டுங்க." தோளைத் தேய்த்துக்கொண்டு மாதையனை முறைத்தார். "இவ்வளவு கனம்னு முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"சொன்னேனுங்க. அப்ப நீங்க அதைத் தூக்கலீங்க."