ஒன்பது வருடத்துச் சத்தம்

எஸ்தர் மேஸ்திரியிடம் கார் வேலை கற்க வந்தவர்களில் தேவசேனாபதிதான் மூத்தவர். மேஸ்திரிக்கு நாற்பத்திரண்டு வயது. அவருக்கு அறுபத்து நான்கு. கோயம்புத்தூரில் ஒரு மில்லில் முப்பது வருடம் மேனேஜராக இருந்துவிட்டு ஓய்வு பெற்றவர்.

முதல் நாள் அவர், "அம்மணி, எனக்கும் இந்த வேலையைச் சொல்லிக் குடு" என்றார். எஸ்தர் நிமிரவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "மேஸ்திரி" என்றார்.

"சொல்லுங்க சார்" என்று நிமிர்ந்தாள்.

அந்தப் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. எதைக் கழற்றினாலும், உள்ளேயிருந்து வருவதையெல்லாம் ஒரு வெள்ளைத் துண்டில் வரிசையாக வைக்க வேண்டும். திருகாணி, வாஷர், தூசி, எல்லாமே. வேலை முடியும்வரை எதையும் வீசக் கூடாது.

"செத்த கரப்பானை வச்சு என்ன பண்றது மேஸ்திரி?" என்று ஒருமுறை கேட்டார்.

"அது எங்க கிடந்துச்சுன்னு தெரிஞ்சா, எங்க ஓட்டைன்னு தெரியும்."

எட்டு மாதம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை காலை, அவர் தன் சொந்த வண்டியையே கொண்டுவந்து நிறுத்தினார். இரண்டே கதவு உள்ள சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். வால்பாறை எஸ்டேட்காரர் ஒருவரிடம் பழையதாக வாங்கியது. ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. உள்ளே காற்றைத் தள்ளும் புளோயரைப் போட்டால் மட்டும் கடகடவென்று சத்தம் வரும்.

"நாளன்னைக்குள்ள இது போயிரணும் மேஸ்திரி."

"நாளன்னைக்கு என்ன?"

"பொள்ளாச்சி போறேன். வீட்டுக்காரியைக் கூட்டிட்டு வரணும்."

மகள் கல்யாணம் முடிந்த மறு வாரம், பூங்கோதை பொள்ளாச்சியில் தம்பி வீட்டுக்குப் போனாள். இரண்டு மாதமாகத் திரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை காரில் வந்து அழைத்துப் போகிறேன் என்று அவர் போனில் சொன்னபோது, "அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே ஒன்பது வருசம் பக்கத்துல உக்காந்து வந்துட்டனுங்க. இனி முடியாது" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட அவர் பயந்திருக்க மாட்டார்.

"எதனால வருது மேஸ்திரி? வயசாயிருச்சா?"

எஸ்தர் வண்டிக்குள் உட்கார்ந்தாள். சாவியைத் திருப்பிக் காற்றை ஒன்றில் வைத்துக் கேட்டாள். இரண்டில் வைத்தாள். மூன்றில் வைத்தாள். பிறகு அவருடைய உள்ளங்கையை இழுத்து டாஷ்போர்டின் மேல் வைத்தாள். ஒரே சீராக அடித்துக்கொண்டிருந்தது, நாடி மாதிரி.

"இது வயசான சத்தம் இல்ல சார். கழட்டுங்க."

கழற்றினார். உள்ளே வேப்பிலைச் சருகு அடைந்து கிடந்தது. முன்கண்ணாடிக்குக் கீழேயுள்ள துளை வழியாக விழுந்து சேர்ந்தது. இரண்டு கைப்பிடி இருக்கும். துண்டில் பரப்பியபோது அவருக்கு முகமெல்லாம் வெளிச்சம்.

"பார்த்தீங்களா? வெறும் இலை."

"மாட்டிப் பாருங்க."

மாட்டினார். மூன்றில் வைத்தார். அதே சத்தம்.

"மறுபடி கழட்டுங்க" என்றாள்.

இந்த முறை விசிறிச் சக்கரத்தை அவளே வாங்கி வெயிலில் பிடித்தாள். கூண்டு மாதிரிச் சக்கரம். சுற்றிலும் மெல்லிய இதழ்கள். ஒன்றொன்றாக விரலால் தடவிக்கொண்டே வந்தவள் ஓர் இதழில் நின்றாள். அதன் ஓரத்தில் நகக்குறி போல இரண்டு கீறல்.

"இங்க ஒரு தகரக் கிளிப் இருந்திருக்கு. சக்கரம் ஒரு பக்கமா இழுக்காம இருக்கக் குத்தி வைப்பாங்க. இதை யாரு கழுவினது?"

"நான்தான். ஒன்பது வருசம் முந்தி, ஆயுத பூஜைக்கு."

"கிளிப்?"

"துருப்பிடிச்சு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. ஏதோ அழுக்குன்னு பிடுங்கிப் போட்டேன்."

"ஐநூறு தறி பார்த்தவரு" என்றாள் எஸ்தர். சிரிக்கவில்லை. "பக்கத்துல யாரும் ஒண்ணும் சொல்லலீங்களா?"

தேவசேனாபதி கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார்.

"மச்சினன் சொன்னான். ரத்தினம். எங்க வீட்லதான் இருந்தான் அப்போ. வேலைன்னு ஒண்ணும் கிடையாது. குழந்தைகளோட சீட்டு விளையாடுவான், அக்காளுக்குத் தேங்காய் துருவிக் குடுப்பான். அன்னைக்கு வண்டி கழுவ வந்தான். 'மச்சான், அது ஏதோ வேணும்னுதான் வச்சிருப்பாங்க, விட்ருங்க'ன்னான்."

"நீங்க?"

"தண்டச்சோறு திங்கிறவன் எனக்கு மெஷின் சொல்லிக் குடுக்கிறியான்னு கேட்டேன்."

எஸ்தர் சக்கரத்தைத் துண்டின்மேல் வைத்தாள்.

"துணியைப் பிழிஞ்சு காயப் போட்டான். பொட்டியை எடுத்துக்கிட்டு பஸ் ஏறிட்டான். பூங்கோதை பொரிகடலைத் தட்டோட வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தா."

"சத்தம் எப்ப ஆரம்பிச்சுது?"

"மறுநாள்."

மேஸ்திரி கத்தரியை எடுத்தாள். ஒரு கிரீஸ் டப்பாவின் மூடியிலிருந்து சின்னத் துண்டு வெட்டினாள். மடித்து அந்த இதழில் குத்தினாள். சுழற்றினாள். ஆடியது. கழற்றி நகமளவு நறுக்கினாள். குத்தினாள், சுழற்றினாள். இன்னும் ஆடியது.

"இடம் தெரியுது. எடை தெரியல. எடுத்ததை வச்சிருந்தீங்கன்னா அஞ்சு நிமிச வேலை."

மத்தியானம் திரும்பும்வரை நறுக்கினாள். பிறகு சக்கரத்தை அவரிடம் கொடுத்து மாட்டச் சொன்னாள். டாஷ்போர்டில் கை வைத்தார். நடுக்கம் இல்லை. கடகட நின்றுவிட்டது. ஆனால் அடியில், தொண்டை கட்டியவர் பேசுவதுபோல ஓர் அரைச்சல்.

"இன்னும் கேக்குதே மேஸ்திரி."

"கேக்கும். ஒன்பது வருசம் ஒரு பக்கமா ஆடியே சுத்தியிருக்கு. தண்டு சுத்துற புஷ் தேஞ்சு நீளவட்டமா ஆயிருச்சு."

"வேற மோட்டார்?"

"இந்த வண்டிக்கு இப்ப வர்றதில்ல."

"அப்ப இதுக்கு மேல?"

"இதுக்கு மேல இதுதான் சார்."

ஞாயிற்றுக்கிழமை காலை பொள்ளாச்சி போய்ச் சேர்ந்தார். கதவைத் திறந்தது ரத்தினம். தலை நரைத்திருந்தது. "வாங்க மச்சான்" என்றான், போன வாரம் பார்த்தவன் போல. உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தான். அவர் உட்காரவில்லை.

"சத்தத்தைச் சரி பண்ணிட்டேன். என் கையால" என்றார் உள்பக்கம் பார்த்து.

பூங்கோதை வெளியே வந்தாள். வாசலில் இறங்கினாள். கார்க் கதவைத் திறந்து, உட்காராமல் குனிந்து, சாவியைத் திருப்பிக் காற்றை அவளே மூன்றில் வைத்தாள். கண்ணை மூடிக் கேட்டாள்.

"குறைஞ்சிருக்கு" என்றாள். பிறகு அவரைப் பார்த்தாள். "எதனாலீங்க வந்துச்சாம்?"

ரத்தினம் சொம்போடு பின்னால் நின்றான்.

தேவசேனாபதி ரத்தினத்தைத் திரும்பிப் பார்த்தார். சட்டைப் பித்தானைத் தொட்டார்.

"இலை. உள்ள இலை அடைச்சிருந்துச்சு."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், இன்னும் ஏதாவது வருமா என்பதுபோல. வரவில்லை. காற்றை நிறுத்தினாள். சாவியை உருவி அவர் கையில் வைத்தாள்.

"இலைங்களா" என்றாள். கதவைச் சத்தம் வராமல் சாத்தினாள். "ரத்தினம், தண்ணி குடு அவருக்கு. வெயில்ல போகணும்."

திங்கட்கிழமை அவர் பட்டறைக்கு வந்தபோது எஸ்தர் வேறொரு வண்டியின் கீழே கிடந்தாள். அவர் மணையில் உட்கார்ந்தார்.

"சத்தம் குறைஞ்சிருக்குன்னு அவளே சொன்னா. ஆனா வரலை மேஸ்திரி. எங்க தப்புப் பண்ணினேன்னு தெரியல."

வண்டிக்கு அடியிலிருந்து ஸ்பேனர் திருகும் ஓசை வந்தது.

மேசைமேல் வெள்ளைத் துண்டு வெள்ளிக்கிழமை விரித்தபடியே இருந்தது. சருகு அப்படியே கிடந்தது. அவர் எழுந்து துண்டின் நான்கு முனைகளையும் சேர்த்துப் பிடித்தார்.

"வேலைதான் முடிஞ்சுதே. இதைக் கொட்டிடட்டுமா?"

எஸ்தர் வெளியே வந்து எழுந்து நின்றாள். அவர் கையிலிருந்த துண்டை வாங்கி மறுபடியும் மேசையில் விரித்தாள்.

"எதனால வந்துச்சுன்னு அவங்க கேட்டாங்களா?"

"கேட்டா."

"என்ன சொன்னீங்க?"

"இலை அடைச்சிருந்துச்சுன்னு."

மேஸ்திரி ஒரு சருகை எடுத்தாள். ஊதித் தூசி போக்கி, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"இலையை எடுத்த பிறகும் சத்தம் இருந்துச்சுங்களே சார்."