வாய் திறக்காத தவிட்டி

குழந்தைகளே, காடு என்றால் மரமும் புலியும் இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. ஒரு கண்ணாடித் தொட்டிக்குள்ளும் ஒரு காடு இருந்தது. தண்ணீருக்குள் பச்சைக் கொடிகள் மண்டிய காடு. அதன் நடுவே கருங்கற்களை அடுக்கிய ஒரு குகை. அந்தக் குகையில் நீலன் என்னும் சிக்லிட் இன மீன் அரசாண்டது.

நீலனின் உடல் மயில் கழுத்தைப் போல மின்னும். அங்கிருந்த பெண் சிக்லிட்டுகளுக்கு மங்கிய பழுப்பு நிறம். இன்னொரு ஆண் இந்தத் தொட்டியில் உயிரோடு இருக்கக்கூடாது என்பது நீலனின் சட்டம். முன்பு நீலம் காட்டிய மீன்கள் எவையும் இப்போது இல்லை. அப்படியும் நீலனுக்குச் சந்தேகம் தீரவில்லை. சந்தேகம்தான் அதன் குணம்.

சந்தேகம் பொய்யும் இல்லை. அல்லி என்ற பழுப்பு மீன் உண்மையில் ஆண். ஆனால் பயந்த சுபாவம். பெரிய ஆணுக்கு அஞ்சும் சின்ன ஆண், சிக்லிட்டுகளில், தன் நிறத்தை வெளியே காட்டாது. அல்லியும் நீலத்தை உள்ளே அடக்கி, துடுப்புகளைச் சுருக்கி, பெண்களோடு பெண்ணாக ஒதுங்கி வாழ்ந்தது.

இது தெரிந்த மீன் ஒன்றே ஒன்று, சுரண்டி. தரையில் கிடந்து பாசி தின்னும் கறுப்பு மீன் அது. நீலனுக்கு மந்திரியும் அதுதான். கீழே கிடப்பதால் எல்லாருடைய வயிற்றுக்கடியில் உள்ள அடித்துடுப்பும் அதற்குத் தெரியும். அல்லியின் அடித்துடுப்பில் ஆண்களுக்கே உரிய மஞ்சள் புள்ளிகள் பளிச்சென்று இருந்தன. சுரண்டிக்குப் பேராசை. மேலிருந்து விழும் இரையில் தன் பங்கு வெள்ளரித் துண்டை அல்லி அதன் பக்கம் தள்ளிவிட்டுப் போகும். சுரண்டி தின்றுவிட்டுப் பேசாமல் இருந்துகொள்ளும்.

இனி தவிட்டி. பொறுமைதான் அதன் குணம். நீலனோடு கூடி முட்டையிட்ட தவிட்டி, அந்த வகைத் தாய்மீன்களின் வழக்கப்படி, முட்டைகளை எல்லாம் தன் வாய்க்குள் எடுத்துக்கொண்டது. குஞ்சுகள் நீந்தும் வரை தாயின் வாய்தான் தொட்டில். அதுவரை இரை கிடையாது. வாயைத் திறந்தால் பிள்ளைகள் போய்விடும். கூடி முடித்ததுமே காவலுக்குத் திரும்பிவிட்ட நீலன், முட்டைகள் என்ன ஆயின என்று ஒருநாளும் கேட்டதில்லை; கூடியது எந்தப் பழுப்பு மீனோடு என்பதைக்கூட நினைவில் வைத்ததில்லை.

தவிட்டி கொடிகளுக்குப் பின்னால் ஒடுங்கியது. பசியில் அதன் வயிறு ஒட்டியது, தொண்டை மட்டும் உப்பியது. அல்லி அதைப் பார்த்தது. "அக்கா, வாயில் பிள்ளைகளா?" என்று ரகசியமாகக் கேட்டது. தவிட்டி கண்ணால் ஆமென்றது.

ஒரு நாள் இரை விழுந்த நேரம். பசியில் தன்னை மறந்த அல்லியின் முதுகில் ஒரு நொடி நீலம் ஓடி மறைந்தது. நிறத்தை நீலன் பார்த்துவிட்டது. யாருடையது என்று மட்டும் பார்க்கவில்லை.

"சுரண்டி, எவனோ ஒருவன் பெண் வேஷத்தில் இருக்கிறான். அடித்துடுப்பில் புள்ளி பார்த்தால் தெரிந்துவிடாதா?"

சுரண்டி வெள்ளரித் துண்டை நினைத்துக்கொண்டது. "தெரியும்தான் அரசே. ஆனால் அதற்கு நீங்கள் அவர்களுக்குக் கீழே அல்லவா போகவேண்டும்? குடிமக்களின் வயிற்றுக்கடியில் நுழைந்து அண்ணாந்து பார்க்கும் அரசனுக்கு நாளைக்கு யார் பயப்படுவார்கள்?"

"வேறு என்ன வழி?"

"ஒவ்வொன்றும் உங்கள் முன்னால் வந்து, நான் பெண் என்று வாய் திறந்து சொல்லட்டும். ஆணாகப் பிறந்தவனுக்கு அந்தச் சொல் வருமா? நீங்கள் சொல்வீர்களா?"

"செத்தாலும் சொல்லமாட்டேன்."

"பிறகென்ன?"

தன்னை வைத்தே எல்லாரையும் அளந்த நீலனுக்கு அது நல்ல சோதனையாகப் பட்டது. யார் மாட்டினாலும் சரி, அல்லி மாட்டாது என்று சுரண்டிக்குத் தெரியும். உயிருக்குப் பயந்தவன் எதையும் சொல்வான்.

மீன்கள் வரிசையாக வந்தன, சொல்லின, போயின. அல்லி வந்தது. எல்லாரையும்விட இனிமையாக, "நான் பெண், அரசே" என்றது. நீலன் தலையசைத்து அனுப்பியது.

கடைசியாகத் தவிட்டி வந்தது. வாயை இறுக மூடிக்கொண்டு நின்றது.

"சொல்" என்றது நீலன்.

தவிட்டி பின்வாங்கியது.

"தொண்டையைப் பாருங்கள், அரசே, எவ்வளவு திமிராக உப்பியிருக்கிறது" என்றது சுரண்டி.

தவிட்டி கூட்டத்தில் அல்லியைத் தேடிப் பார்த்தது. அந்தப் பார்வையை நீலனும் கவனித்தது. "உனக்கு ஏதாவது தெரியுமா?" என்று அல்லியிடம் கேட்டது.

இதோ பிள்ளைத்தாய்ச்சி என்று அல்லி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் இது இல்லையென்றால் வேறு யார் என்ற கேள்வி அடுத்து வரும். அல்லி துடுப்புகளை இன்னும் கொஞ்சம் சுருக்கிக்கொண்டது.

"எனக்கு ஒன்றும் தெரியாது, அரசே."

நீலன் பாய்ந்தது. தவிட்டியின் வால் கிழிந்தது. அது கண்ணாடியில் மோதியது, கல்லில் மோதியது. வாயைத் திறக்கவில்லை. திருப்பிக் கடித்திருந்தால் கொஞ்சமாவது தப்பியிருக்கலாம். அதற்கும் வாயைத் திறக்கவேண்டுமே. அதன் மௌனத்தைப் பார்க்கப் பார்க்க நீலனுக்குச் சந்தேகம் உறுதியாயிற்று, அடியும் பலமாயிற்று.

உயிர் போனபோதுதான் வாய் தானாகத் திறந்தது. உள்ளேயிருந்து கண் முளைத்த சின்னஞ்சிறு குஞ்சுகள், வயிற்றில் மஞ்சள் கரு இன்னும் ஒட்டியபடி, மணலில் கொட்டின. அவற்றுக்கு இன்னும் நீந்தத் தெரியாது.

நீலன் அசையாமல் நின்றது. மற்ற மீன்கள் நிற்கவில்லை. கீழே விழுந்தது எதுவானாலும் அவற்றுக்கு இரைதான். சுரண்டி மணலோடு சேர்த்து உறிஞ்சியது. அல்லியும் தின்றது. தின்றபடியே அதன் முதுகில் நீலம் ஏறியது. நீலன் அதைப் பார்த்தது. துரத்த நேரமில்லை, மணலில் ஒரே ஒரு குஞ்சு மிச்சமிருந்தது.

மற்றவர்களுக்கு முன்னால் ஓடிப்போய் நீலன் அதைத் தன் வாயில் எடுத்துக்கொண்டது. தாய் எப்படி வைத்திருந்ததோ அப்படி வைத்திருக்க நினைத்தது. ஆனால் வாய்க்குள் வந்ததை விழுங்காமல் வைத்துக்கொள்ள அது எந்நாளும் பழகியதில்லை. குஞ்சு நாக்கின்மேல் ஒருமுறை துடித்தது. தொண்டை தன் வழக்கப்படி அசைந்தது.

நீலன் வாயைத் திறந்து பார்த்தது. உள்ளே தண்ணீர் மட்டும் இருந்தது.

நீதி: ஒருவர் பேசாமல் நிற்பதையே குற்றமாக எடுத்துக்கொள்ளாதே; ஏன் பேசவில்லை என்று அறிந்தபின் தீர்ப்புச் சொல்.